சல்வீனியாவும் அதனை அடக்கிய சிறு வண்டும்

பயிர்ச்செய்கை என்பது நிலத்தையும் நீரையும் விதையையும் மாத்திரம் பொறுத்த தொழிலன்று. வயலிலும் வாய்க்காலிலும் மரக்கறித் தோட்டத்திலும் எண்ணிறந்த உயிர்கள் ஒன்றையொன்று உண்டும், ஒன்றுக்கொன்று இடங்கொடுத்தும், ஒன்றையொன்று அடக்கியும் வாழுகின்றன. இவ்வுறவு ஒழுங்காக இருக்கும்வரை கமக்காரன் அதனைக் கவனிப்பதில்லை. அது குலைந்த பின்னரே களை என்றும் பீடை என்றும் முறையிடுகின்றான். முறையிட்டவுடன் மண்வெட்டியையோ மருந்து தெளிக்கும் கருவியையோ தேடுகின்றான். பகையின் இயல்பை அறியாமல் அதனோடு போர் தொடுத்தல் பணத்தையும் உழைப்பையும் நீரில் எறிவதற்கு ஒப்பாகும். இலங்கையின் வயல்களையும் நீர்நிலைகளையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் வருத்திய சல்வீனியா என்னுங் களையின் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று.

அவ்வரலாறு தொடங்கிய இடம் வயலுமன்று, குளமுமன்று, கொழும்பு மாநகரமாகும்.

கொழும்பிலிருந்து புறப்பட்ட களை

கொழும்பு நகரத்தை நெல்லும் மரக்கறியும் சென்று விலைப்படும் இடமாகவே கமக்காரர் பெரும்பாலும் நினைப்பர். ஆயின், அந்நகரம் வெளிநாட்டுச் செடிகளும் பூச்சிகளும் நாட்டினுள்ளே புகும் வாயிலுமாகும். துறைமுகம் கொட்டாஞ்சேனையை அடுத்திருக்கின்றது. அதற்கு வடக்கே களனி கங்கை கடலிற் கலக்கின்றது. தெற்கே வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் ஒரு கால்வாய் கடலை அடைகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே கால்வாய்களும் சதுப்பு நிலங்களும் பின்னிக் கிடக்கின்றன. நகரில் ஓரிடத்தில் நீரில் விழுந்த செடி, வெள்ளக் காலத்தில் எங்கெங்கோ சென்று சேருவதற்கு இவ்வமைப்பு வழிசெய்கின்றது.

1939 ஆம் ஆண்டில், கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கல்வித் தேவைக்காகச் சல்வீனியா கொண்டுவரப்பட்டது. நீரில் மிதக்கும் பன்ன இனத்தைச் சேர்ந்த இச்செடி பார்வைக்கு அழகானது. சில ஆண்டுகளுள் அது தொட்டியை விட்டு வெளியேறி, கொழும்பைச் சூழ்ந்த நீர்நிலைகளை அடைந்தது. அங்கிருந்து தாழ்ந்த நெல்வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பரவியது. 1950 களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளும் இக்களைக்கு உட்பட்டிருந்தன எனக் கணிக்கப்பட்டது.

இதனை எவருடைய தீய எண்ணத்தின் விளைவென்றுங் கூறுதல் தகாது. ஆகாயத்தாமரை எனவும் ஆற்றுவாழை எனவும் வழங்கும் செடியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பூவின் அழகுக்காகவே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அதனை ஒழிப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. அச்சட்டம் நடைமுறையிலிருக்கும்போதே 30 ஆண்டுகளின் பின் சல்வீனியாவும் வந்தது என்பது சிந்திக்கத்தக்கது. ஒரு செடியின் பெயரைக் குறித்துத் தடை விதித்தோம். ஆனால், அந்நியச் செடி எவ்வாறு களையாகின்றது என்னும் பொது அறிவை நாட்டில் வளர்க்கவில்லை. ஆதலால் ஒரு வாயிலை அடைக்க மறுவாயில் திறந்திருந்தது.

செடியின் இயல்பு

சல்வீனியாவுக்கு உண்மையான வேர் கிடையாது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் தோன்றும். இரண்டு நீரின்மேல் மிதக்கும்; மூன்றாவது நீருள் இறங்கி, வேர்போல் நூல் நூலாகப் பிரிந்து, போசணையை உறிஞ்சும். மேலிலைகளின் மயிர்கள் நுனியில் ஒன்றுகூடிச் சிறு கூண்டு போல் அமைந்திருப்பதால் நீர் இலையில் ஒட்டுவதில்லை. இதனாலேயே தெளித்த மருந்தும் எளிதில் ஒட்டாமல் உருண்டோடும்.

இச்செடி வித்திகளாற் பெருகுவதில்லை. அதன் வித்திகள் மலடானவை. உடைந்த தண்டே அதன் விதையாகும். கணுவோடு கூடிய ஒரு சிறு துண்டு போதும். அது தனிச் செடியாகிவிடும். நுனியரும்பு முறிந்தால் அதுவரை உறங்கிக் கிடந்த பக்கவரும்புகள் விழித்தெழும். இது தாவரங்கள் பலவற்றிற்குப் பொதுவான இயல்பாகும். முருங்கையையும் பூஞ்செடியையும் நுனிகிள்ளிக் கிளைக்கச் செய்யுங் கமக்காரன் இதனை நன்கறிவான். ஆனால், அதே இயல்பு களையினிடத்தில் இருக்கும்போது, வாரிக்கோலால் இழுத்து உடைத்துவிட்டுப் போகும் வேலை களையெடுத்தலாகாது; களையை நடுதலேயாகும்.

நெருக்கத்திற்கு இச்செடி காட்டும் எதிர்வினையும் அறியத்தக்கது. திறந்த நீரில் தனித்து மிதக்கும்போது இலைகள் சிறியனவாய்த் தட்டையாய்க் கிடக்கும், கணுவிடைகள் நீண்டிருக்கும். இது பரவுங் காலத்துத் தோற்றம். செடிகள் நெருங்கியவுடன் இலைகள் பெருத்து, நடுவே மடிந்து, நிமிர்ந்து நிற்கும். இது இடத்தைப் பிடித்துக்கொண்ட காலத்துத் தோற்றம். ஒரே செடி இரு வேடம் புனைவதால், முன்னதைக் கண்ட பலர் அதனை வேறொரு தீங்கற்ற பாசியென எண்ணி வாளாவிருந்தனர்.

அதன் வேகத்தைக் கணக்கிட்டால் வாளாவிருத்தலின் விலை விளங்கும். போசணையும் வெப்பமும் வாய்த்த நீரில் அது ஒரு வாரத்திற்குள்ளேயே இரட்டிப்பாகவல்லது. வாரத்திற்கு ஒருமுறை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர யார் சல்வீனியா ஒன்பது வாரத்தில் 512 சதுர யாராகும். இது ஓர் ஏக்கரின் பத்திலொரு பங்களவே. பன்னிரண்டாவது வாரத்தில் 4,096 சதுர யார். பதின்மூன்றாவது வாரத்தில் ஓர் ஏக்கரையும் கடந்துவிடும். ஆகவே, குளத்தின் பத்திலொரு பங்கை மாத்திரம் மூடியிருக்கின்றதென ஆறுதலடைபவனுக்கு எஞ்சியிருப்பது நான்கே வாரமாகும்.

வயலினுள் வெள்ளத்தோடு நுழைந்த சல்வீனியா நீர் வடியும்போது இளநாற்றின்மேற் படிந்து அதனை அமுக்கும். வாய்க்காலை அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கும். தடித்த பாய் போல் நீரை மூடுவதால் ஒளியும் காற்றும் கீழே செல்லா; மீன்கள் குறையும்; வலைவீச இடமிராது. சிலவகை நுளம்புகளின் குடம்பிகள் நீர்மட்டத்திற்கு வராமலே மிதக்குஞ் செடிகளின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றைச் சுவாசித்து வாழ்வன. அத்தகைய நுளம்புகளுக்கும் மிதக்குங் களைகள் புகலிடமாயின.

தட்டிக் கேட்க ஆளில்லாமை

1950 களில் சல்வீனியா தீங்குதருங் களையென அறிவிக்கப்பட்டது. மக்கள் திரண்டு கைகளால் வாரிக் கரையிற் கொட்டினர். பென்டாகுளோரோபீனோல் முதலிய களைநாசினிகள் தெளிக்கப்பட்டன. (அந்நஞ்சு உயிர்களுக்கும் சூழலுக்கும் விளைக்குந் தீங்கு கருதி, 2015 ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.) சில இடங்களிற் பயன் கிடைத்ததாயினும், நாடு முழுவதையும் நோக்குமிடத்து களையே வென்றது. வாரியெடுத்த இடத்தில் எஞ்சிய சில துண்டுகள் அடுத்த போகத்திற்குள் மீண்டும் பாயாய் விரிந்தன.

கமக்காரரின் முயற்சி குறைந்ததனால் இத்தோல்வி நேர்ந்ததன்று. கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாததனால் நேர்ந்தது. சல்வீனியா தன் சொந்த நாட்டிலும் இவ்வாறு பரந்து கிடக்கின்றதா என்பதே அக்கேள்வி.

தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பது பழமொழி. தாயகத்தில் ஒரு செடியைத் தின்னும் பூச்சிகள், அதிலே நோயுண்டாக்கும் பூசணங்கள், அதனோடு இடத்திற்குப் போட்டியிடும் பிற செடிகள் எனப் பல காவலர் இருப்பர். கடல்கடந்து தனியே வந்த செடிக்கு அக்காவலர் இல்லை. அங்கே அடங்கியிருந்தது இங்கே ஆட்சி செலுத்துகின்றது. செடியின் குணம் மாறவில்லை. அதன் சுற்றமே மாறியது. உயிர்ச்சூழலியல் கற்பிக்கும் அடிப்படை உண்மைகளுள் இது முதன்மையானது.

பெயர் பிழைத்ததனால் நேர்ந்த தாமதம்

ஆபிரிக்காவிலும் இதே களை பெருந்துயர் விளைத்தது. 1958 இல் அணை கட்டி மூடப்பட்ட கரிபா ஏரியில், 1962 ஆம் ஆண்டளவில் நீர்ப்பரப்பின் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட இடத்தை அது மூடியது. ஆகவே அதன் இயற்கைப் பகைவரைத் தேடும் முயற்சி தொடங்கியது. ஆனால், அக்காலத்தில் இச்செடி தென்னமெரிக்காவிலுள்ள வேறொரு சல்வீனியா இனமெனக் கருதப்பட்டது. அவ்வினம் வாழும் இடங்களிலிருந்து பூச்சிகள் சேகரிக்கப்பட்டன. வெட்டுக்கிளி ஒன்றும் வண்டொன்றும் பல நாடுகளிலே விடப்பட்டும் போதிய பயன் விளையவில்லை.

1972 இல் மிச்செல் என்னும் தாவரவியலாளர் இது தனியினமென வகுத்துப் பெயரிட்டார். 1978 இல் அதன் உண்மையான தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டனர். அங்கே அச்செடி அடக்கமாகவே வாழ்ந்தது. அதன்மேல் இரண்டு மில்லிமீற்றர் அளவேயான கறுப்புக் கூன்வண்டொன்று வாழ்ந்தது. முன்னர் விடப்பட்டுப் பயன்தராத வண்டைப் போன்றே தோன்றினும், அது வேறினமென 1985 இல் உறுதிப்படுத்தப்பட்டது.

பெயரிடுதலும் வகைப்படுத்தலும் வயலோடு தொடர்பற்ற ஏட்டுக்கல்வி எனக் கருதுவோர் உளர். அவர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குவாராக. செடியின் பெயர் பிழைத்ததனால் தேடிய நாடு பிழைத்தது. நாடு பிழைத்ததனாற் கொணர்ந்த பூச்சி பிழைத்தது. அதனால் இழந்த காலம் பல ஆண்டுகளாகும்.

வண்டின் நடத்தை

இரு வண்டுகளும் தோற்றத்தில் ஒன்றாயினும், அவற்றின் நடத்தை ஒன்றாயிருக்கவில்லை. பிரேசிலிலிருந்து வந்த வண்டு சல்வீனியாவின் அரும்பையே விரும்பி உண்ணும். அதன் புழுவோ தண்டைத் துளைத்து உள்ளே செல்லும். நுனியரும்பு போனாற் பக்கவரும்பு முளைக்கும் என முன்னர் கூறப்பட்டது. அவ்வாறு முளைக்கும் இளவரும்பையும் வண்டு தின்றுவிடுகின்றது. தண்டு துளைபட்டமையாற் செடி கபிலநிறமாகிச் சிதைந்து அமிழ்கின்றது. மனிதனுடைய வாரிக்கோல் செடியின் பலத்தைத் தூண்டியது. வண்டின் வாய் அப்பலத்தின் ஊற்றையே அடைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1980 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள மூண்டரா ஏரியில் இவ்வண்டு விடப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான தொன் களை அழிந்து ஏரி தெளிந்தது. பின்னர் பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றிலும், இந்தியாவிற் கேரளத்தின் குட்டநாட்டிலும் அது வெற்றி கண்டது. குட்டநாட்டு நெற்செய்கையாளர் ஆபிரிக்கன் பாயல் என அழைத்து வெறுத்த களை இதுவேயாகும்.

பப்புவா நியூகினியில் முதலில் ஒரு தடை ஏற்பட்டது. விட்ட வண்டுகள் பெருகவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்நீரில் நைதரசன் குறைவென்றும், அதனாற் செடியில் வண்டு பெருகத்தக்க போசணை இல்லையென்றும் தெரிந்தது. அழிக்கவேண்டிய களையின் ஒரு சிறு பகுதிக்கு யூரியா இடப்பட்டது! செடி செழித்தது, அதனை உண்ட வண்டும் பெருகியது, பெருகிய வண்டுகள் அப்பாற் பரவின. களைக்கு உரமிடுதல் பேதைமை எனத் தோன்றலாம். ஆயினும் மண், செடி, பூச்சி ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை அறிந்தவனுக்கு அது பேதைமையன்று. அளவுக்கு மிஞ்சி யூரியா இட்ட நெல்வயலிற் கபிலநிறத் தத்தி ஏன் பெருகுகின்றதென்பதற்கும் இதே சங்கிலி விடை கூறும். நைதரசன் மிகுந்த பயிர் கமக்காரனுடைய கண்ணுக்கு மாத்திரமன்றித் தத்தியின் வாய்க்கும் இனிதாகும்.

இலங்கையிற் கிடைத்த பயன்

1986 ஆம் ஆண்டில் இவ்வண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. சில ஆண்டுகளுள் பெரும்பாலான இடங்களிற் சல்வீனியா அடங்கியது. 1989 இல் வெளியான அவுஸ்திரேலிய மதிப்பீடொன்று, இம்முயற்சியிற் செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் ஏறத்தாழ 53 ரூபா பயன் கிடைக்குமெனக் கணித்தது. அப்பயனிற் பெரும்பங்கு நெற்செய்கையாளருக்கே உரியது. ஒருகாலத்தில் ஊர் கூடி வாரிய களையை இன்று இளங் கமக்காரர் பலர் கண்டறியார். ஒரு துயரம் மறக்கப்படுதல் நன்மையே. ஆனால், அது நீங்கிய வழியும் சேர்ந்து மறக்கப்படுமாயின், அடுத்த துயரம் வரும்போது பழைய பிழைகளையே மீண்டும் செய்ய நேரிடும்.

அடங்கியது எனக் கூறப்பட்டதேயன்றி அழிந்தது எனக் கூறப்படவில்லை. களை குறையுமிடத்து வண்டும் குறையும். எஞ்சிய சில செடிகளில் எஞ்சிய சில வண்டுகள் வாழும். செடி மீண்டும் பெருகினால் வண்டும் பின்தொடர்ந்து பெருகும். இதனை அறியாத ஒருவர், மூலையிற் கிடக்கும் கபிலநிறச் சல்வீனியாவைக் கண்டு, அதுவும் ஒழியட்டுமென்று மருந்து தெளித்தால், அழிவது களையன்று, காவலனே அழிகின்றான். பின்னர் மேல்வாய்க்காலிலிருந்து ஒரு பச்சைத் துண்டு மிதந்து வருமாயின் அதனைத் தடுக்க எவருமிரார். வேனிலில் முற்றாக வற்றுங் குளங்களிலும் வண்டு அற்றுப்போகக்கூடும். அத்தகைய குளங்களைக் கண்காணித்தல் வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

அந்நியச் செடியால் வந்த துன்பத்தை நீக்க மற்றோர் அந்நியப் பூச்சியைக் கொணர்தல் தீயைத் தீயால் அணைப்பது போலாகாதா எனச் சிலர் கேட்பர். இது புறக்கணிக்கத்தக்க ஆட்சேபமன்று. 1872 இல் யமேக்கா தீவின் கரும்புத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்க இந்தியாவிலிருந்து கீரிகள் கொண்டுபோகப்பட்டன. எலி பெரும்பாலும் இரவில் நடமாடுவது. கீரி பகலில் வேட்டையாடுவது. கீரிகள் எலியை விட்டுப் பறவைகளையும் கோழிக்குஞ்சுகளையும் ஊர்வனவற்றையும் உண்ணத் தலைப்பட்டன. 1935 இல் குயின்ஸ்லாந்திற் கரும்பு வண்டுகளை உண்பதற்கென விடப்பட்ட பெருந்தேரைகள் அவ்வண்டுகளைக் கட்டுப்படுத்தவில்லை. தாமே பெரும் பீடையாயின.

ஆகவே கேட்கவேண்டியது, கொணரப்படும் உயிர் உள்நாட்டதோ வெளிநாட்டதோ என்பதன்று. அது எதனை உண்ணும், எதனை உண்ணாது, எப்போது நடமாடும், விரும்பிய உணவு அற்றபோது என்ன செய்யும் என்பனவேயாம். கீரியும் தேரையும் எதிர்ப்பட்டதையெல்லாம் உண்பன. சல்வீனியா வண்டோ சல்வீனியாவன்றிப் பிறிதொரு செடியில் வாழ்க்கை நடத்த மாட்டாது. பயிர்ச்செடிகள் உட்படப் பல தாவரங்களில் வைத்துச் சோதித்த பின்னரே அது விடப்பட்டது. நடத்தையை ஆராயாது விடுதல் சூதாட்டம். ஆராய்ந்து விடுதல் பயிர்ப்பாதுகாப்பு. எனினும், இவ்வேலையைத் தனியார் எவரும் தாமாகச் செய்ய முற்படலாகாது என்பதும் இவ்வரலாற்றின் பாடமேயாகும்.

வெள்ளவத்தைக் கால்வாய் கூறுவது

சல்வீனியா அடங்கியதாயின், கொழும்பின் கால்வாய்களில் ஆகாயத்தாமரை இன்னும் ஏன் செழிக்கின்றதென்னும் வினா எழும். அதனை உண்ணும் கூன்வண்டும் 1980 களின் பிற்பகுதியில் இலங்கையில் விடப்பட்டது. ஆயினும் சல்வீனியாவில் விளைந்த பயன் அங்கே விளையவில்லை. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வழியுங் கழிவுநீர் வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற நீர்வழிகளில் நைதரசனையும் பொசுபரசையும் ஓயாது சேர்க்கின்றது. வண்டு தின்னும் வேகத்திலும் செடி வளரும் வேகம் மிகுகின்றது. இயந்திரங்கொண்டு களையை வாரி அகற்றுதல் அவசியமே. ஆனால், உரமிடுதலை நிறுத்தாமற் களைபிடுங்குதல் முடிவற்ற வேலையாகும்.

2018 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென அங்கீகரிக்கப்பட்ட நகரங்களுள் கொழும்பும் ஒன்று. இப்பெருமைக்குரிய ஈரநிலங்களுட் பல முன்னாளில் நெல் விளைந்த வயல்கள் என்பதை நகரத்தார் மறத்தலாகாது. கிராமத்துக் கமக்காரரும் நகரத்தின் மேற் குறைகூறி அமையலாகாது. வரம்பு உடைந்து உரநீர் வாய்க்காலுக்கு ஓடும் வயலும், உரப்பையைக் குளத்திற் கழுவும் கையும் செய்வது அதே வேலையாகும்.

மரக்கறித் தோட்டத்திற்கும் இதுவே நியதி

2008 இல் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களிற் பப்பாசி மரங்களில் மாப்படிந்தாற்போல ஒரு வெண்மூட்டுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி கத்தரி, வெண்டி, மரவள்ளி முதலியவற்றையும் தாக்கவல்லது. மெழுகு போன்ற வெண்பொடி அதன் உடலை மூடியிருப்பதால் மருந்து எளிதிற் சென்று சேரவில்லை. 2009 இல் அதன் உடலினுள் முட்டையிட்டு அழிக்குஞ் சிறுகுளவி தருவிக்கப்பட்டு விடப்பட்டது, பீடை தணிந்தது. சல்வீனியாவுக்குப் பல பத்தாண்டு சென்றது. இதற்கு ஓரிரண்டு ஆண்டே சென்றது. முன்னையதிற் கற்ற பாடம் பின்னையதிற் காலத்தை மிச்சப்படுத்தியது.

கீரை பயிரிடுவோர் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. 1990 களில் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த இலங்கையர் பலர் தங்கள் வீட்டுத் தோட்டங்களிற் பொன்னாங்காணியெனக் கருதி ஒரு செடியை வளர்த்துச் சமைத்து வந்தனர். அது முதலைக்களை என்னும் கொடிய நீர்க்களையென அந்நாட்டு அதிகாரிகள் கண்டனர். அன்போடு ஒருவர்க்கொருவர் கொடுத்த தண்டுகளாலேயே அது வீட்டுக்கு வீடு பரவியது. பொன்னாங்காணியின் வெண்பூங்கொத்து இலைக்கக்கத்திற் காம்பின்றி ஒட்டியிருக்கும். முதலைக்களையின் பூங்கொத்து நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். இச்சிறு வேற்றுமையைக் கண்டறியத் தெரிந்த ஒருவர் ஓர் ஊரின் வாய்க்காலையே காக்கவல்லவர்.

நெல்வயலுக்கும் இது பொருந்தும். இலையை உண்ணும் புழுக்களைக் கண்டவுடன், விதைத்த முதல் 40 நாட்களுக்குள் மருந்து தெளிக்கவேண்டாமெனச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அறிவுறுத்தி வந்தனர். அப்பருவத்தில் நெற்பயிர் புதிய இலையாலும் மட்டத்தாலும் இழப்பை ஈடுசெய்து கொள்ளும். அவசரப்பட்டுத் தெளித்த மருந்தோ சிலந்திகளையும் நீர்ப்பூச்சிகளையும் கொன்று, பின்னர் வருந் தத்திக்கு வழிதிறந்துவிடும். பயிரின் எதிர்வினையை அறியாதவன் கையிலுள்ள மருந்து, தன் காவலரைத் தானே வெட்டும் வாளாகும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. பெயரும் இயல்பும் அறியாத நீர்ச்செடியை அழகுக்காகவோ மீன்தொட்டிக்காகவோ வாங்கிக் கொணர்தல் கூடாது. கொழும்பிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொணர்வதாயினும் இதுவே முறை. தொட்டியைக் கழுவும் நீரை வாய்க்காலில் ஊற்றலாகாது. எஞ்சிய செடியை உலர்த்தி எரித்துவிடல் வேண்டும்.

2. வயலிலோ குளத்திலோ முன் காணாத செடியோ பூச்சியோ தோன்றினால், முதல் வாரத்திலேயே விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டல் வேண்டும். ஒரு சதுர யாரைக் கையால் அகற்றலாம். ஓர் ஏக்கரை அகற்றல் அரிது.

3. மிதக்குங் களையைக் கையால் அகற்றுமிடத்து, உடைந்த துண்டுகள் கீழ்நோக்கிச் செல்லாதவாறு நீரோட்டத்தின் குறுக்கே தடுப்பிட்டு, நீருக்குத் தொலைவிலே குவித்து உலரவிடல் வேண்டும்.

4. கபிலநிறமாகிச் சிதையும் சல்வீனியாவைக் கண்டால் அதில் வண்டு இருக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். இருப்பின் மருந்து தெளிக்கலாகாது. வண்டு இல்லாத குளத்திற்கு அதனைக் கொண்டுசெல்வதாயின் போதனாசிரியரின் ஆலோசனைப்படியே செய்தல் வேண்டும்.

5. உரத்தையும் மருந்தையும் சிபாரிசு செய்யப்பட்ட அளவிலும் காலத்திலும் மாத்திரம் இட்டு, வயலின் நீர் வாய்க்காலுக்கு ஓடாதவாறு வரம்பைக் காத்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணச்செலவு இல்லை. வேண்டுவது கவனிக்குங் கண்ணும், அவசரப்படாத கையுமேயாகும். நாற்பதாண்டு மனித உழைப்பாலும் நஞ்சாலும் அடக்கமுடியாத களையை இரண்டு மில்லிமீற்றர் வண்டு அடக்கியது மந்திரத்தாலன்று. அச்செடிக்கும் அவ்வண்டுக்குமிடையே இயற்கை வகுத்த உறவினாலேயே. அவ்வுறவைக் கண்டறிந்து இடையூறு செய்யாதிருந்தமையே மனிதன் அங்கே செய்த பணி. தன் வயலிலும் தோட்டத்திலும் எந்த உயிர் எதனை உண்டு வாழுகின்றது என்பதைக் கமக்காரன் அறியுமளவுக்கு, அவனுடைய செலவு குறையும், விளைவும் நிலைபெறும்.